உவர்மலை வீட்டுக்கு எந்த வெள்ளை?

எங்கள் திருகோணமலையில் இப்போது வீட்டுக்குப் பெயின்ற் அடிக்க நினைக்கிற எவரும் முதலில் கேட்பது கிரே. முந்தி அப்படியில்லை. ஹோலுக்குப் பச்சை, அறைக்கு ரோஸ், குசினிக்கு நீலம் என்று ஒவ்வொரு சுவரும் தன் பாட்டுக்குச் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும். இப்போது உப்புவெளிப் பக்கம் புதிதாக எழும்புகிற வீடுகளுக்குள் போய்ப் பாருங்கள். சாம்பல், வெண்சாம்பல், கருஞ்சாம்பல். காரணம் தேடி வெகுதூரம் போகவேண்டாம். வீட்டுக்குக் காசு எங்கிருந்து வருகிறதோ கலரும் அங்கிருந்தே வருகிறது. ரொறன்ரோ, லண்டன், சிட்னி.

என் தங்கச்சியும் ரொறன்ரோதான். உவர்மலையில் நானும் அம்மாவும் இருக்கிற வீட்டுக்குப் பெயின்ற் அடிக்கப்போகிறோம் என்று சொன்ன அன்றே வாட்ஸ்அப்பில் படங்கள் வரத் தொடங்கிவிட்டன. "அண்ணா, இந்தக் கிரேயை அடியுங்கோ. எந்தச் சாமானோடையும் ஒத்துப்போகும். இங்க எல்லார் வீட்டிலயும் இதுதான்." படத்தில் இருந்த அறை வடிவாகத்தான் இருந்தது. பலகை நிலம், பெரிய யன்னல், யன்னலுக்கு வெளியே பனி. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தா. "செத்தவீடு மாதிரிக் கிடக்கு" என்று சொல்லிவிட்டுப் போனைத் திருப்பித் தந்தா.

இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. அந்தக் கிரே அந்த அறையில் நன்றாக இருக்கும். எங்கள் ஹோலில் செத்தவீடாகத்தான் இருக்கும். ஓஃப் வைற், கிரீம், பிஸ்கட் கலர், சாம்பல் என்று நாங்கள் சொல்கிற அடங்கின நிறங்களுக்கெல்லாம் இதுதான் குணம். தனக்கென்று அதிகம் வைத்துக்கொள்ளாமல், பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதை வாங்கிக்கொண்டு நிற்கும். பச்சைச் சுவர் எந்த ஊரிலும் பச்சை. ஓஃப் வைற் சுவர் ஊருக்கு ஊர் வேறு, ஒரே வீட்டுக்குள்ளேயே அறைக்கு அறை வேறு. ஆகவே பெயின்ற் கடை அட்டையை விரிப்பதற்கு முதல் வீட்டுக்குள் வருகிற வெளிச்சத்தை விசாரிக்கவேண்டும்.

வீட்டு அலங்காரம் பற்றி வெளிநாட்டார் எழுதுகிற ஆலோசனைகளில் ஒன்று தவறாமல் வரும். வடக்குப் பார்த்த அறைக்குள் நீலம் கலந்த குளிர் வெளிச்சம் வரும், அங்கே மஞ்சளோ சிவப்போ கலந்த நிறம் பூசு. தெற்குப் பார்த்த அறைக்கு வெயில் வரும், அங்கே சாம்பல் பூசு. ரொறன்ரோவுக்கு இது சரி. அந்த நகரம் ஏறத்தாழ 43.7 பாகை வட அகலக்கோட்டில் இருக்கிறது. நண்பகல் சூரியன் வருடம் முழுக்கத் தெற்கே நிற்கும். டிசெம்பரில் அடிவானத்திலிருந்து 23 பாகைதான் ஏறும். அந்தச் சரிந்த வெயில் தெற்கு யன்னலால் நேரே உள்ளே வந்து பின்சுவர் வரைக்கும் போகும்.

திருகோணமலை இருப்பது 8.5 பாகையில். எந்த ஊருக்கு எந்த நாளில் சூரியன் உச்சம் கொடுக்கிறது என்று ஒவ்வொரு ஏப்பிரலிலும் வளிமண்டலவியல் திணைக்களம் அறிவிக்கும். எங்களுக்கு அது ஏப்பிரல் நடுப்பகுதி, பிறகு ஓகஸ்ட் கடைசியில் இன்னொரு தடவை. இந்த இரண்டுக்கும் நடுவில் நண்பகல் சூரியன் எங்களுக்கு வடக்கே நிற்கிறது. ஜூனில் மத்தியான வெயில் படுவது வடக்குச் சுவரில், தெற்கு யன்னல் நிழலில். டிசெம்பரில் எதிர்மாறு. அப்போதும் சூரியன் 58 பாகை உயரத்தில் நிற்கிறது, பாதிநாள் மாரி முகில் வேறு. வடக்கு குளிர், தெற்கு வெயில் என்ற கணக்கை இங்கே கொண்டுவந்தால் ஆறு மாதத்துக்கொருக்கா சுவரை மாற்றவேண்டியதுதான். எங்களுக்குக் கணக்கு கிழக்கும் மேற்கும்.

இன்னொன்று இருக்கிறது. சூரியன் தலைக்கு மேலே நிற்கிற ஊரில், அதுவும் முன்னுக்கு விறாந்தையும் தாழ இறக்கின ஓட்டுக்கூரையும் உள்ள வீட்டில், வெயில் நேரே அறைக்குள் வருவது விடியவும் பின்னேரமும் மட்டும். மற்ற நேரமெல்லாம் உள்ளே வருகிற வெளிச்சம் முற்றத்தில் பட்டுத் தெறித்து வருவது. முற்றம் என்ன நிறமோ அதில் ஒரு பங்கு சுவரில் ஏறும். நிலாவெளியில் வெள்ளை மணல் முற்றம் வைத்திருக்கிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள், அவர்களுக்கு எந்த நிறமும் நிறமாகத் தெரியும். எங்கள் கிழக்கு யன்னலுக்கு வெளியே ஒரு கறுத்தக்கொழும்பான் மாமரம். அந்த அறைக்குள் வருவது இலைக்குள்ளால் வடிந்த பச்சை வெளிச்சம். தங்கச்சி சொன்ன கிரேயின் அட்டையை அங்கே சுவரில் ஒட்டிவைத்துப் பார்த்தேன். காலை ஒன்பது மணிக்கு அது சாம்பல் இல்லை, வெளிறின பச்சை. படம் எடுத்து அனுப்பினேன். "அண்ணா, இது வேற கலர்" என்றாள்.

மேற்கு அறை வேறு கதை. அதன் யன்னலுக்குக் கீழே சரிவு, சரிவுக்குக் கீழே உட்துறைமுகத் தண்ணீர். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு வெயில் தண்ணீரில் பட்டு மேலே தெறிக்கும். கீழிருந்து வருகிற வெளிச்சம் முதலில் பிடிப்பது சுவரை அல்ல, சீலிங்கை. அலை அசைய அசைய சீலிங்கிலும் வெளிச்சம் அசையும். சின்ன வயதில் நானும் தங்கச்சியும் அதைப் பார்த்துக்கொண்டு நிலத்தில் படுத்திருப்போம். பெயின்ற் அடிக்கிறவருக்கு அது சோதனை. பளபளப்பான வெள்ளைச் சீலிங் அந்த நேரத்தில் கண்ணைக் கூசவைக்கும். ரோலர் போன தடம் ஒவ்வொன்றையும் காட்டிக்கொடுக்கும். உட்துறைமுக வீதிப் பக்கத்தார்களுக்கும் இதே கதைதான். திருக்கடலூர் போல கிழக்கே கடலைப் பார்த்திருக்கிறவர்களுக்கு இது விடியற்காலையில் நடக்கும். சீலிங்குக்கு மட் பூச்சைத் தவிர வேறொன்றையும் நினைக்கவேண்டாம்.

இந்த ஊரில் இருந்துகொண்டு சாம்பலைப் பற்றிப் பேசினால் கப்பலைப் பற்றிப் பேசாமல் முடியாது. கடற்படைகள் கப்பலுக்குச் சாம்பல் பூசுவது அது கடலுக்கும் வானத்துக்கும் நடுவில் கரைந்துபோகும் என்பதால்தான். துறைமுகத்தில் நிற்கிற கப்பலைக் காலையிலிருந்து பார்த்தால் விளங்கும். முகில் மூடினால் ஈயம், மத்தியானம் வெளிறின நீலம், பின்னேர வெயிலில் அதே கப்பல் பிஸ்கட் கலர். 1940 இல் பிரித்தானியக் கடற்படை அதிகாரி மௌன்ற்பேற்றன், வணிகக் கப்பல் தொடர் ஒன்றுக்குக் காவல் போனபோது, ஊதா கலந்த சாம்பல் பூசின ஒரு கப்பல் மட்டும் மற்றவற்றுக்கு முதல் மங்கலில் மறைந்துபோனதைக் கவனித்தார். தன் நாசகாரிக் கப்பல்களுக்கும் அப்படியொரு ரோஸ் சாம்பலைப் பூசுவித்தார். அவர் பெயரிலேயே அந்தக் கலருக்குப் பேரும் வந்தது. விடியலிலும் பொழுதுபடுகிற நேரத்திலும் அது மறைத்தது உண்மை. வெளிச்சம் மாறினபோது எடுத்துக் காட்டியது. பெரிய கப்பல்களில் பிறகு கைவிட்டார்கள். 1944 இல் இதே மனிதர் தென்கிழக்காசியத் தலைமைத் தளபதியாகக் கண்டியில் வந்து இருந்தார். அப்போது பிரித்தானியரின் கிழக்குக் கடற்படை நின்றது எங்கள் துறைமுகத்தில். கடையில் இருந்து ரோஸ் சாயல் உள்ள பிஸ்கட் கலரைக் கொண்டுபோய்ப் பூசினவர்களுக்கு அவருடைய அனுபவம் விளங்கும். பொழுதுபட்டால் சுவர் மென்மையாக இருக்கும். மத்தியானம் பன்னிரண்டு மணிக்குச் சுவர் முழுக்க ரோஸ்.

அந்த ரோஸ் எங்கே ஒளிந்திருந்தது? ரின்னுக்குள். அதற்குக் கொஞ்சம் பெயின்றின் உள்வீட்டு விசயம் தெரியவேண்டும்.

எந்தக் கம்பனி ரின்னைத் திறந்தாலும் உள்ளே இருக்கிற வெண்மைக்குக் காரணம் தைத்தேனியம் ஈரொட்சைட்டு. முதலாம் உலகப் போர்க் காலத்தில்தான் தொழிற்சாலைகளில் அதை உற்பத்தி செய்யத் தொடங்கினார்கள். அதற்கு முதல் வெள்ளீயம், துத்தநாக வெள்ளை. ஒளியை முறிக்கிற வலு இதற்கு மிகக் கூட. ரூட்டைல் வகையின் முறிவுச்சுட்டி ஏறத்தாழ 2.7, அதைப் பிடித்து வைத்திருக்கிற பசைக்கு 1.5. இந்த இடைவெளிதான் சுவரை மறைக்கிறது. இதன் தாதுமணல் எங்கே கிடைக்கிறது தெரியுமா? எங்கள் மாவட்டத்தின் வடக்கு எல்லையில், புல்மோட்டையில். இல்மனைற், ரூட்டைல், சேர்க்கோன் எல்லாம் கலந்த கறுப்பு மணல். 1957 இல் தொடங்கின கனிய மணல் கூட்டுத்தாபனம் இன்று லங்கா மினரல் சான்ட்ஸ் என்ற பெயரில் இருக்கிறது. உலகத்துச் சுவர்களை வெளுக்கிற பொருளின் மூலம் ஒரு கறுப்புக் கடற்கரை. அதைப் பெரும்பாலும் மணலாகவே ஏற்றிவிட்டு, வெளுத்த தூளைக் காசு கொடுத்து இறக்குகிறோம். பெயின்ற் விலையைப் பார்த்துக் கோபம் வருகிற ஒவ்வொரு தடவையும் எனக்குப் புல்மோட்டை நினைவுதான் வரும்.

சரி, சாயலுக்கு வருவோம். அந்த வெள்ளைக்குள் மஞ்சள் ஒட்சைட்டு, செவ்வொட்சைட்டு, கறுப்பு, மண்ணிறம் என்று சில துளிகள் விட்டால்தான் ஓஃப் வைற். கறுப்பை மட்டும் விட்டால் வருகிற சாம்பல் நீலமாகத் தெரியும். கறுப்போடு மஞ்சள் சேர்த்தால் கொஞ்சம் பச்சைப் பக்கம் போகும். செந்துளி விழுந்தால் ரோஸ். துளி சின்னது, ஆனால் நாலு சுவரும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்பதால் வெளிச்சம் சுவருக்குச் சுவர் தெறித்துத் தெறித்து அந்தத் துளியைப் பெருக்கிவிடும். அட்டையில் தெரியாதது அறையில் தெரிவது இதனால்தான். கண்டுபிடிக்க ஒரு வழி, அட்டையை வெறும் ஏ4 தாளில் வைத்துப் பார்ப்பது. தாளின் வெள்ளைக்குப் பக்கத்தில் ஒளிந்திருக்கிற சாயல் வெளியே வரும். இன்னொரு வழி, ஒரே பட்டியில் கீழே இருக்கிற ஆகக் கடுமையான நிறத்தைப் பார்ப்பது. மேலே இருக்கிற ஓஃப் வைற் எந்தக் குடும்பம் என்று கீழே இருப்பது சொல்லும்.

நிறத்தை இவ்வளவு ஆராய்ந்துகொண்டிருந்த என்னைக் கிண்ணியாவிலிருந்து வருகிற பெயின்ற் பாஸ் ஒரு வார்த்தையில் உட்காரவைத்துவிட்டார். நான் அவரை நானா என்றுதான் கூப்பிடுவது. ஹோலின் கீழ்ச்சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, சுவர் வேர்க்குது. வேர்க்கிற சுவருக்கு நீங்க என்ன கலர் பூசினாலும் ரெண்டு மாரிதான்."

அவர் சொன்னது முழு உண்மை. கடற்கரை ஊர்களில் சுவருக்குள் உப்பு இருக்கும். கழுவாத மணலில் கட்டினது, கடற்காற்றில் வந்து படிந்தது, 2004 டிசெம்பரில் கடல் ஏறின இடங்களில் கீழ்ச்சுவர் குடித்து வைத்துக்கொண்டது என்று பல வழி. காற்றில் ஈரப்பதன் ஏறத்தாழ 75 வீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். மாரியில் குசினி உப்புப்போத்தல் கசிகிற அதே கசிவுதான் சுவருக்குள்ளும் நடக்கிறது. ஒழுக்கு ஒன்றும் இல்லாமலே சுவர் ஈரமாவது இப்படித்தான். கோடையில் அந்த ஈரம் வெளியே வரும்போது உப்பு மேலே வந்து வெள்ளைப் பூவாகப் பூக்கும். எமல்சன் படலம் வழிமறித்தால் படலத்தைத் தள்ளிக்கொண்டு கொப்புளமாக வரும். கடுமையான சாம்பல் பூசின சுவரில் இந்த வெள்ளைப் பூ எவ்வளவு வடிவாகத் தெரியும் என்று நான் சொல்லத்தேவையில்லை. வெளிறின நிறம் அதை ஓரளவு மறைக்கும். கிரே அலைக்கு எதிராக எனக்குக் கிடைத்த ஆகப் பலமான வாதம் இதுதான். தங்கச்சிக்கும் இதுதான் ஏறியது.

பழைய ஆட்கள் சுண்ணாம்பு அடித்தது வசதியில்லாமல் அல்ல. சுண்ணாம்பு சுவரை மூடிக்கட்டாது. ஈரமும் உப்பும் அதற்குள்ளால் போய்வரும். காரத்தன்மை உள்ளதால் பூஞ்சணம் இலகுவில் பிடிக்காது. காற்றில் இருக்கிற காபனீரொட்சைட்டை வாங்கித் திரும்பவும் கல்லாக இறுகும். வருடாவருடம் அடிக்கவேண்டும் என்பதுதான் வில்லங்கம். இந்தக் கரையில் சுண்ணாம்புக்கு முருகைக்கல்லைத்தான் சூளையில் சுட்டார்கள். கரையோரப் பாதுகாப்புச் சட்டம் 1981 இல் வந்து, 1988 இல் திருத்தப்பட்டபிறகு கரையில் முருகைக்கல் எடுப்பது தடை. நல்ல தடை. அம்மம்மா வீட்டில் சுண்ணாம்பு வாளிக்குள் ஒரு சின்னத் துணியில் முடிந்த நீலத்தைக் கரைப்பார்கள். மஞ்சளடித்த வெள்ளையில் நீலம் கொஞ்சம் சேர்ந்தால் கண்ணுக்கு அது கூட வெள்ளை. ஓஃப் வைற்றில் துளி விடுகிற வேலையை அவர்கள் அட்டை இல்லாமலே செய்திருக்கிறார்கள், நேரெதிர்த் திசையில்.

சுண்ணாம்பு அடிக்கும்போது ஒன்றும் தெரியாது, காய்ந்த பிறகுதான் வெளுக்கும். எமல்சன் மாறி நடக்கும். ஈரத்தில் பால் வெள்ளையாக இருக்கிற பசை காய்ந்ததும் தெளிந்துவிடுவதால் நிறம் ஒரு படி கடுமையாகும். முதல் கோட் அடிக்கும்போதே "ஐயோ, வெளிறிப்போச்சு" என்று பாஸை நிறுத்துகிறவர்கள் தயவுசெய்து அடுத்த நாள் வரைக்கும் பொறுங்கள்.

எங்கள் கீழ்ச்சுவருக்கு நானா சொன்னபடி செய்தோம். கொப்புளம் விட்ட பூச்சைச் சீமெந்துப் பூச்சு வரைக்கும் இறக்கி, உப்பைக் காய்ந்த தூரிகையால் கூட்டி எடுத்து, தண்ணீர் காட்டாமல் கோடை முழுக்க ஆறவிட்டு, பிறகு காரம் தாங்கும் பிறைமர். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு திரும்பவும் சுவருக்குள்தான் போகும். புதிதாகப் பூசின சீமெந்துச் சுவர் என்றால் குறைந்தது நாலு கிழமை ஆறவேண்டும். பழைய வீட்டில் கதவு, நிலை, யன்னல் கம்பிகளில் இருக்கிற பழைய எனாமலை மட்டும் காய்ந்தபடி உரஞ்சவேண்டாம். பெயின்றில் ஈயத்துக்கு வரம்பு இந்த நாட்டில் நடைமுறைக்கு வந்தது 2013 இல்தான். அதற்கு முந்தின கோட்டுகளில் என்ன இருக்கிறது என்று சொல்லமுடியாது. நனைத்து உரஞ்சி, பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாமல், தூளைக் கூட்டாமல் ஈரத்துணியால் துடைத்து எடுக்கவேண்டும்.

இனி நிலம். உவர்மலைப் பழைய வீடுகளில் சிவப்புப் பொலிஷ் போட்ட சீமெந்து நிலம் இன்னும் இருக்கிறது. எங்கள் ஹோலும் அதுதான். அந்த நிலத்துக்கு மேலே கிரேயை நிறுத்தினால் இரண்டு காரியம் நடக்கும். நிலத்தில் தெறித்த சிவப்பு சுவரின் கீழ்ப்பாதியில் ஏறும். அதே நேரம் கண் தன் பங்குக்குச் சிவப்புக்குப் பக்கத்தில் இருக்கிற சாம்பலைப் பச்சையாகக் காட்டும். பரிசில் கொபெலின் நெசவாலையில் சாயத்துக்குப் பொறுப்பாக இருந்த செவ்ரல் என்ற வேதியியலாளர், கறுப்பு நூல் சரியில்லை என்று வந்த முறைப்பாட்டை விசாரிக்கப் போய், நூலில் குற்றமில்லை, பக்கத்தில் இருக்கிற நிறத்தில்தான் விசயம் என்று கண்டுபிடித்தார். 1839 இல் அதைப் பெரிய புத்தகமாகவே எழுதினார். சிவப்பு நிலத்தோடு ஒத்துப்போவது மஞ்சள் சாயல் மெல்ல உள்ள வெள்ளை. மாபிள் டைல்ஸ் போட்ட புது வீடுகளில் இந்தப் பிரச்சினை இல்லை. அங்கே கிரே தாராளமாக நிற்கும். நிலத்தை மாற்ற விருப்பமில்லாதவர்கள் நிலத்தைக் கேட்டுத்தான் சுவருக்குப் பூசவேண்டும்.

கடை அட்டைகளிலோ கம்பனிகளின் தளங்களிலோ ஒவ்வொரு நிறத்துக்கும் எல்ஆர்வி என்று ஓர் எண் இருக்கும். ஒளித்தெறிப்பு அளவு. கறுப்பு 0, முழு வெள்ளை 100. நல்ல வெள்ளைப் பெயின்ற் 80க்கு மேல் நிற்கும். பெயரைப் பார்த்து மயங்காமல் இந்த எண்ணைப் பார்ப்பது நல்லது. தாழ்ந்த கூரையும் விறாந்தையும் உள்ள எங்கள் ஹோலில் 75க்குக் கீழே போனால் மத்தியானத்திலேயே லைட் போடவேண்டிவரும். அதே சமயம் துறைமுகத்தைப் பார்த்த மேற்கு அறையில் 85 வைத்தால் பின்னேரம் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் இருக்கலாம். கொழும்பு 33ஆம் ஒழுங்கையில் கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா தன் வீட்டை வெள்ளையாக வைத்திருந்தார் என்று எல்லோரும் காட்டுகிற படத்தைக் கவனித்துப் பாருங்கள். நாலு சின்ன வீடுகளைச் சேர்த்து எடுத்த அந்த வீட்டில் வெளிச்சம் வருவது சின்னச் சின்ன முற்றங்களுக்குள்ளால், மேலிருந்து. அங்கே அந்த வெள்ளை கூசாது.

அட்டையை நம்பாமல் சோதித்துப் பார்க்கிற முறை ஒன்று உண்டு. சாம்பிளைச் சுவரில் பூசவேண்டாம். பழைய நிறத்துக்குப் பக்கத்தில் எந்தப் புது நிறமும் பொய் சொல்லும். ஒரு பெரிய காட்போட் மட்டையில் இரண்டு கோட் அடித்து, விளிம்பில் வெள்ளை விட்டு, அறைக்கு அறை கொண்டுபோய்ச் சுவரில் நிமிர்த்திச் சாத்திவைத்துப் பாருங்கள். மேசையில் கிடத்திப் பார்த்தால் வேறு நிறம் தெரியும், ஏனென்றால் கிடையாக இருக்கிற மட்டையில் மேலிருந்து வெளிச்சம் விழும், சுவரில் அப்படி விழாது. விடிய ஒரு தடவை, மத்தியானம், பின்னேரம் நாலரை, பிறகு இரவு லைட் போட்டு. இரவுப் பார்வையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறோம். வேலைக்குப் போய் வருகிறவர் தன் வீட்டுச் சுவரைப் பார்ப்பது பெரும்பாலும் இரவில். எங்கள் ஊர்க் கடைகளில் கேட்காமலே தருகிற பல்ப் 6500 கெல்வின், நீல வெள்ளை. அதற்குக் கீழே கிரீம் சுவர் சோகை பிடித்து நிற்கும், கிரே இன்னும் நீலமாகும். 3000க்கு மாறினால் கிரீம் உயிர் பெறும். நாலு பல்ப் மாற்றுகிற செலவில் பெயின்றே மாற்றின திருப்தி கிடைத்த வீடு எனக்குத் தெரியும்.

கடைசியில் நாங்கள் எடுத்தது இப்படி. ஹோலுக்கு மஞ்சளும் ஒரு துளி கறுப்பும் கலந்த வெள்ளை, எல்ஆர்வி 80க்குக் கிட்ட. மாமரத்து அறைக்குச் செந்துளி விழுந்த வெள்ளை. இலைப்பச்சையும் அந்தச் செம்மையும் ஒன்றையொன்று அடித்துவிட, சுவர் வெள்ளையாகவே தெரிகிறது. வெயிலைக் கடைசியாகப் பார்க்கிற மேற்கு அறைக்குத் தங்கச்சியின் கிரே, ஆனால் அவள் அனுப்பின நீலச் சாம்பல் அல்ல, மண்ணிறம் கலந்தது, 65க்குக் கிட்ட. பின்னேர வெயில் அதற்கு வேண்டிய மஞ்சளைக் கொடுக்கும், தண்ணீர்க் கூச்சத்தையும் அது விழுங்கும். குசினிக்கு ஹோல் நிறமே, கழுவக்கூடிய பூச்சில். கதவு நிலைகள் பழைய முதிரை மரம், அதற்கு வெள்ளை எனாமல் அடிக்கச் சொன்ன ஆலோசனையை நான் கேட்காதமாதிரி இருந்துவிட்டேன்.

அளவுக் கணக்கு. பன்னிரண்டுக்குப் பத்து அடி அறை, பத்தடி உயரம் என்றால் கதவு யன்னல் கழித்துச் சுவர் ஏறத்தாழ 400 சதுர அடி, அதாவது 37 சதுர மீற்றர். ஒரு லீற்றர் ஒரு கோட்டுக்கு 10 முதல் 12 சதுர மீற்றர் போகும். இரண்டு கோட்டுக்கு ஏழு லீற்றர். நாலு லீற்றர் ரின் இரண்டு. இரண்டையும் ஒரு பெரிய வாளியில் ஊற்றிக் கலந்து அடிக்கச் சொல்லுங்கள். மெசினில் கலர் கலக்கினாலும் ரின்னுக்கு ரின் ஒரு மயிரிழை வித்தியாசம் வரும், வெளிறின நிறத்தில்தான் அது ஆகக் கூடத் தெரியும்.

எப்போது அடிப்பது என்பதில் ஊர் வழக்கத்தோடு எனக்குத் தகராறு. தைப்பொங்கலுக்கு முதல் வீடு வெளுக்கவேண்டும் என்று டிசெம்பரில் ரின் வாங்குகிறோம். வருட மழையில் பெரும்பங்கு ஒக்டோபரிலிருந்து ஜனவரிக்குள் கொட்டித் தீர்க்கிற ஊரில், வாடை அடிக்கிற நேரத்தில், ஈரச் சுவரில் பெயின்ற். ஜூன், ஜூலையில் அடிப்பவர்களுக்குக் கச்சான் காற்று. சூடாகவும் வறண்டும் வீசுகிற காற்றில் ரோலர் சுவரின் மறுமுனைக்குப் போவதற்குள் இந்த முனை காய்ந்துவிடும், இரண்டும் சேருகிற இடம் கோடாக நிற்கும். புழுதி வேறு. பெப்ரவரியிலிருந்து ஏப்பிரல் வரைக்கும்தான் நல்ல காலம். சிவராத்திரியை அடுத்துக் கோணேசர் நகர்வலம் வரும்போது படலையில் நிறைகுடம் வைக்கிற வீடுகளுக்கு அதுவே நல்ல சாட்டு. பொங்கலுக்குப் படலைத் தூணை மட்டும் அடித்து ஆட்களைச் சமாளிக்கலாம்.

இவ்வளவும் தீர்மானமாகி நானா ஏணியோடு வந்த அன்று, அம்மா சாமியறைக்குத் தனியாக ஒரு கலர் வைத்திருந்தா. மஞ்சள். கிரீமும் இல்லை, சந்தனமும் இல்லை, அரைத்த மஞ்சள். நான் எல்ஆர்வியைப் பற்றித் தொடங்க, "நீ உன்ர ஹோலைப் பார்" என்றா. அடித்தோம். சாமியறைக் கதவு ஹோலுக்குள்தான் திறக்கிறது. விடிய விளக்கு வைத்துக் கதவைத் திறந்துவிட்டால் அந்தப் பக்கச் சுவர் அரைவாசி இளமஞ்சளாக நிற்கிறது. நேற்று நானா கடைசிக் கணக்குக்கு வந்தபோது அம்மா அவரை அந்தச் சுவருக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போய், ஹோல் முழுக்க இந்தக் கலரில் அடிக்க எத்தனை ரின் வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தா. தங்கச்சிக்கு இன்னும் சொல்லவில்லை.